வீட்டுக்கு வேண்டும் ஒரு சின்னச் சுத்தியல்

உங்கள் வீட்டில் சுத்தியல் இருக்கிறதா?

எங்கள் ஆபீசில் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "எதற்கு? குழவிக்கல் இருக்கிறதே!" என்றார் ஒருவர். "பெரிய பூட்டு ஒன்று கிடக்கிறது. அதுவே போதும்" என்றார் இன்னொருவர். "பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன்" என்றார் மூன்றாமவர்.

மூன்று பேர் வீட்டிலும் மிக்சி உண்டு, டி.வி. உண்டு, ஆளுக்கு ஒரு செல்போன் உண்டு. ஆணி அடிக்க ஒரு சுத்தியல் மட்டும் இல்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்குப் புத்தி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தச் சுத்தியலை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி அடிப்பது என்பதைப் பிறகு பார்ப்போம்.

அப்பா படம்

மும்பையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீடு மாறுவது புதிதல்ல. 11 மாத ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்டத் தயாராக இருக்க வேண்டும். டெபாசிட் பணம் ஒரு பக்கம், புரோக்கர் கமிஷன் ஒரு பக்கம்.

டோம்பிவிலியில் ஒரு பழைய சாலில் அறை பிடித்தோம். டெபாசிட் கொடுக்கப் பணம் போதவில்லை. மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. காலி செய்யும்போது டெபாசிட் திரும்பி வரும், வளையலை மீட்டுவிடலாம் என்பது கணக்கு.

குடி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் என் அப்பாவின் திதி. அவர் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும். தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் சுத்தியல் இரவல் வாங்கி வந்தேன். ஒரு கிலோவுக்குக் குறையாது. ஆணி 3 அங்குலம்.

பலத்தைக் காட்டி நாலு அடி போட்டேன். ஆணி வளைந்தது. ஐந்தாவது அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுவர்ப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதோடு போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் 'சிலீர்' என்று ஒரு சத்தம்.

அடுத்த அறை மராட்டிய அம்மா மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது நாலரை அங்குலச் சுவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "மாவ்ஷி, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று போய் நின்றேன். அவர் அரை மணி நேரம் பேசினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். சுவரைச் சிமெண்டு வைத்துப் பூசினேன். ஆனாலும் அறையைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் "சுவர் பாழாகிவிட்டது" என்று சொல்லி டெபாசிட்டில் 3 ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார். வளையலை மீட்க வைத்திருந்த கணக்கில் துண்டு விழுந்தது.

தாழ்ப்பாள் கழன்ற இரவு

இது பண நஷ்டம். இதைவிடப் பெரியது ஒன்று நடந்தது.

நான் டிக்கெட் கவுண்ட்டரில் வேலை பார்ப்பவன். ஷிப்டு மாறி மாறி வரும். அது ஜூலை மாதம், விடாத மழை. எனக்கு இரவு டியூட்டி. மழையில் கதவு ஊறிப் போயிருந்தது. இழுத்துச் சாத்தியபோது தாழ்ப்பாளின் தகடு ஆணிகளோடு கழன்று கையில் வந்துவிட்டது. வீட்டில் மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் மட்டும்.

கொத்தனார் சுத்தியல் வீட்டில்தான் கிடந்தது. நான்தான் திருப்பிக் கொடுக்கவில்லையே! ஆனால் அதை அவளால் ஓங்க முடியவில்லை. ஓங்கினால் கை நடுங்கியது. அடித்தால் ஆணியில் படாமல் கதவில் பட்டது. அதைப் போட்டுவிட்டுக் குழவிக்கல்லை எடுத்திருக்கிறாள். அது வழுக்கி இடது கை ஆள்காட்டி விரலை நசுக்கிவிட்டது.

காலையில் நான் வந்தபோது கதவுக்கு அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்து, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரலில் ஈரத் துணி. இரவு முழுக்கத் தூங்கவில்லை. அந்த விரல் நகம் கறுத்து, பிறகு விழுந்து, மறுபடி முளைக்கப் பல மாதங்கள் ஆயின.

"சுத்தியல் இருந்ததே" என்றேன். "அது சுத்தியலா, சம்மட்டி!" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

ஆசாரி சொன்ன யோசனை

அம்பர்நாத்தில் திருநெல்வேலிப் பக்கத்து ஆசாரி ஒருவர் இருக்கிறார். மர வேலையிலேயே தலை நரைத்தவர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"தம்பி, வீட்டில் யார் கைக்குப் பலம் குறைவோ அந்தக் கைக்குச் சுத்தியல் வாங்கு. தங்கச்சி கைக்கு வாங்கினால் அது உனக்கும் ஆகும். உன் கைக்கு வாங்கினால் தங்கச்சிக்கு ஆகாது" என்றார்.

பிறகு தன் பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் சுத்தியலே நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

உளி அடிக்க மரத்தால் ஆன கொட்டாப்புளி. தகரத்தையும் கம்பியையும் தட்ட, ஒரு பக்கம் தட்டையும் மறு பக்கம் உருண்டையுமாக இருக்கும் மெக்கானிக் சுத்தியல். கல், செங்கல் உடைக்கக் கொத்தனார் சுத்தியல். ஆணி அடிக்கவும் பிடுங்கவும் ஒன்று: முன்பக்கம் தட்டை, பின்பக்கம் மாட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

வீட்டுக்கு வேண்டியது இந்தக் கடைசிச் சுத்தியல்தான். கடைகளில் இதைக் 'கிளா ஹாமர்' என்கிறார்கள். அடிக்கவும் ஆகும், கோணலாகப் போன ஆணியைப் பிடுங்கவும் ஆகும். ஒரு விலைக்கு இரண்டு சாமான்.

எடை எவ்வளவு?

சுத்தியலில் போட்டிருக்கும் எடை தலையின் எடை மட்டுமே. காம்பின் எடை அதில் சேராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் ஏமாறுகிறார்கள்.

சில கம்பெனிகள் கிராமில் போடுகின்றன. சில, அவுன்சில் போடுகின்றன. ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராமுக்குச் சற்று அதிகம். 8 அவுன்ஸ் என்றால் சுமார் 225 கிராம். 12 அவுன்ஸ் என்றால் 340 கிராம். 16 அவுன்ஸ் என்றால் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம்.

மர வேலை செய்பவர்கள் 450 கிராமும் அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். நாள் முழுக்க அடித்துப் பழகிய கை அவர்களுடையது. காலண்டர், சாமி படம், கொடிக்கயிறு, தாழ்ப்பாள், நாற்காலிக் கால் என்று மாதத்துக்கு ஒரு தடவை ஆணி அடிப்பவர்களுக்கு 225 கிராம் முதல் 340 கிராம் வரை போதும்.

வீட்டில் முக்கால்வாசி வேலை 1 அங்குலம், ஒன்றரை அங்குல ஆணியில் முடிந்துவிடும். அதற்கு 225 கிராமே தாராளம். 2 அங்குல ஆணியும் அடிக்க வேண்டியிருக்கும் என்றால் 340 கிராம் வாங்கலாம். நான் வாங்கியது 340.

எடை குறைந்தால் அடி குறையாதா?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது.

அடியின் பலம் எடையையும் பொறுத்தது, வேகத்தையும் பொறுத்தது. எடையை இரண்டு மடங்கு ஆக்கினால் பலம் இரண்டு மடங்கு ஆகும். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் பலம் நாலு மடங்கு ஆகும். ஆகவே சுத்தியல் பாதி எடையாக இருந்தாலும், வேகத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டினால் அடி அதே அடிதான்.

கனமான சுத்தியலை வேகமாக வீச நம் கைக்கு வராது. லேசான சுத்தியலை வீச வரும். அதைவிட முக்கியம், நினைத்த இடத்தில் படும். ஒரே அடியில் ஆணியை இறக்க வேண்டும் என்று வீட்டில் யாரும் பந்தயம் கட்டவில்லை. நாலு அடிக்குப் பதில் எட்டு அடி அடித்தால் போகிறது. அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும் என்று சொன்னவர்கள் நம் பெரியவர்கள்தானே!

சுவருக்கும் இதுதான் நல்லது. கனத்த அடி ஆணியை மட்டும் தள்ளுவதில்லை. சுவரையே அதிரவைக்கிறது. மாவ்ஷியின் கண்ணாடி விழுந்தது அதனால்தான்.

எந்தக் காம்பு நல்லது?

காம்பு மூன்று விதம். மரம், இரும்புக் குழாயில் ரப்பர் உறை போட்டது, பைபர்.

மரக் காம்பு அடியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கை வலிக்காது. உடைந்தால் புதுக் காம்பு போட்டுக்கொள்ளலாம். ஆனால் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும், தலை ஆட ஆரம்பிக்கும்.

இரும்புக் காம்பில் தலை சுலபத்தில் கழலாது. ஆனால் அதிர்ச்சி கைக்கு வரும். மலிவானதில் ரப்பர் உறை நாளடைவில் கழன்று வரும். வீசும்போது உறையோடு சுத்தியல் கையை விட்டுப் பறந்தால் ஆபத்து.

பைபர் காம்பு ஊறாது, சுருங்காது, அதிர்ச்சியும் குறைவு. விலை சற்றுக் கூடுதல். மழைக் காலம் நான்கு மாதம் நீளும் மும்பையில், எடுத்துத் துடைத்து வைக்க நேரமில்லாதவர்கள் பைபர் காம்பு வாங்கலாம். கவனித்துக்கொள்ள முடியும் என்பவர்களுக்கு மரமே சிறந்தது.

நாக்தேவி தெருவில்

மும்பையில் கைக்கருவிகளுக்குப் பெயர் போன இடம் நாக்தேவி தெரு. மஸ்ஜித் ரெயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். பஞ்சாபில் ஜலந்தர், ராஜஸ்தானில் நாகவூர் ஆகிய ஊர்களில் கைக்கருவித் தொழில் அதிகம். அங்கே தயாராகும் சாமான்களும் இங்கே வந்து குவிகின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு அந்தந்தப் பகுதி ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

கடையில் எப்படிக் கேட்பது? இந்தியில் 'ஹதோடா' என்றால் சுத்தியல், 'ஹதோடி' என்றால் சின்னது. ஆணிக்கு 'கீல்' என்று பெயர்.

இங்கே ஒரு வேடிக்கை. நான் கடையில் போய் நின்று "கிளா வேண்டும்" என்று கேட்டேன். கடைப் பையன் ஆணிப் பொட்டலத்தைக் கொண்டு வந்து வைத்தான். மராட்டியில் ஆணிக்குப் பெயரே 'கிளா'! பிறகு "ஹதோடி" என்று சொல்லி, இரண்டு விரலை மடக்கி ஆணி பிடுங்குவது மாதிரி காட்டிய பிறகுதான் சாமான் வந்தது.

வாங்கும் முன் ஆறு சோதனை

ஆசாரி சொல்லிக் கொடுத்ததையும் நான் கடையில் பார்த்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

1. காம்பின் கோடியைப் பிடித்து, கையை நேராக நீட்டி, மனதுக்குள் 15 வரை எண்ணுங்கள். மணிக்கட்டு கீழே சாய்ந்தால் அந்த எடை உங்களுக்கு அதிகம். முடிந்தால் மனைவியையும் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

2. தலையை ஒரு கையாலும் காம்பை ஒரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். இம்மி ஆடினாலும் வேண்டாம். மரக் காம்பு என்றால் தலையின் மேல்பக்கத்தில் ஆப்பு அடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. அடிக்கும் முகம் வழவழப்பாக, நடுவில் மிக லேசாக மேடிட்டு இருக்க வேண்டும். ஓரம் கூராக இல்லாமல் மழுக்கியிருக்க வேண்டும். ஓரம் கூராக இருந்தால் அடி கொஞ்சம் சாய்ந்தாலும் மரத்தில் பிறை மாதிரி தழும்பு விழும். அந்த ஓரம் சில்லாகத் தெறிக்கவும் கூடும்.

4. சட்டைப் பையில் ஒரு மெல்லிய ஆணி கொண்டுபோங்கள். பின்பக்கப் பிளவில் அதைச் செருகிப் பாருங்கள். பிளவின் அடி குறுகி, ஆணியைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பல மலிவுச் சுத்தியல்களில் பிளவு அகலமாக இருக்கும். தலை இல்லாத ஆணி, சின்ன ஆணி எதுவும் அதில் சிக்காது.

5. அடித்து உருவாக்கிய எஃகா, வார்ப்பு இரும்பா என்று கேளுங்கள். வார்ப்புத் தலை ஓங்கி அடித்தால் உடையலாம். தடித்த பெயிண்டு பூசி மறைத்திருப்பார்கள். பெயிண்டுக்கு அடியில் சொரசொரப்பு தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். எஃகுச் சுத்தியல்களுக்கு ஐ.எஸ். 841 என்ற இந்தியத் தர எண் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது கிடைத்தால் நல்லது.

6. மரக் காம்பில் மர ரேகை நீளவாட்டில் நேராக ஓடியிருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் ஒடியும். முடிச்சு இருந்தாலும் வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, வீட்டுக்கு ஆகிற நல்ல சுத்தியல் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எனக்குப் பிடித்தம் போன 3 ஆயிரத்தை நினைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

சுவரைத் தட்டிப் பாருங்கள்

சுத்தியல் வாங்கியாயிற்று. உடனே ஆணியை எடுக்காதீர்கள். முதலில் சுவரைப் பாருங்கள்.

ரெயில்வேயில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வண்டி நின்றதும் சக்கரங்களை நீளக் காம்புச் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஒருவர் போவார். நல்ல சக்கரம் 'கணீர்' என்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஒலி செத்திருக்கும். காதுதான் அவருக்குக் கருவி.

சுவரும் அப்படித்தான். விரல் மொட்டியால் தட்டிப் பாருங்கள். 'பொத பொத' என்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுக் கழன்று நிற்கிறது என்று அர்த்தம். அங்கே அடித்தால் தட்டு அளவு பெயர்ந்து வரும். நாலு அங்குலம் தள்ளி, சத்தம் கெட்டியாகக் கேட்கிற இடத்தில் அடியுங்கள்.

ஆணி பாதியில் நின்று, அடிக்க அடிக்க வளைந்தால் அது கான்கிரீட் தூண் அல்லது உத்தரம். அங்கே நம் ஆணி இறங்காது. கெட்டியான 'கான்கிரீட் ஆணி' விற்கிறார்களே என்பீர்கள். அது வளையாது, ஆனால் ஒடிந்து தெறிக்கும். ஆணி பிடுங்கும் சுத்தியல் அதற்கு ஏற்றதும் அல்ல. கான்கிரீட்டுக்கு டிரில் மெஷின்காரரை அழைத்துத் துளை போட்டு, பிளக் வைத்து, திருகாணி மாட்டுவதே சரி.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இப்போது பல வீடுகளில் கரண்டு ஒயர் சுவருக்குள் போகிறது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், இரண்டு போர்டுகளுக்கு நடுவில் நேர் கோட்டிலும் ஆணி அடிக்கக்கூடாது. குளியலறை, சமையலறைச் சுவரில் குழாய்க்கு நேராகவும் வேண்டாம்.

வாடகை வீடு என்றால் அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முன்பே இருக்கிற ஆணிகளைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்கிற அன்று பேச ஒரு சாட்சி வேண்டும்.

விரல் பிழைக்க வழி

சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் பிடிப்பது பலருடைய பழக்கம். அது தவறு. காம்பின் கோடியில் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று அடிக்கு மட்டும் சற்று மேலே பிடித்து மெதுவாகத் தட்டலாம். ஆணி தானாக நின்றதும் விரலை எடுத்துவிட்டுக் கோடியில் பிடித்து அடிக்க வேண்டும்.

கண் ஆணித் தலையில் இருக்க வேண்டும், சுத்தியலில் அல்ல. முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து அசைய வேண்டும். அழுத்தி அடிக்காமல் சுத்தியலின் எடையையே விழவிட வேண்டும்.

சின்ன ஆணியை விரலால் பிடிக்க முடியாவிட்டால் தலை சீப்பின் பல்லுக்கு நடுவில் செருகிப் பிடியுங்கள். துணி மாட்டும் கிளிப்பும் ஆகும். அடி தவறினால் சீப்பில் படும், விரலில் படாது.

பலகையை இன்னொரு கட்டையோடு சேர்க்கும்போது பலகையின் கனத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள ஆணி எடுங்கள். அரை அங்குலப் பலகைக்கு ஒன்றரை அங்குல ஆணி. பலகையின் ஓரத்தில் அடித்தால் மரம் பிளக்கும். ஆணியின் கூர்முனையை முதலில் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் பெரும்பாலும் பிளக்காது.

பிடுங்குவது ஒரு கலை

ஆணி பிடுங்குவது நெம்புகோல் வேலை. தலை அழுந்தி நிற்கும் இடத்திலிருந்து ஆணி 1 அங்குலம் தள்ளியும், உங்கள் கை 10 அங்குலம் தள்ளியும் இருந்தால் உங்கள் பலம் ஏறக்குறைய 10 மடங்காக ஆணிக்குப் போகும். சின்னச் சுத்தியலும் பெரிய ஆணியைப் பிடுங்குவது இதனால்தான்.

அதே பலம் சுவரையும் அழுத்தும். ஆகவே தலைக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டையையோ மடித்த அட்டையையோ வையுங்கள். சுவரும் பெயராது, ஆணியும் நேராக வரும். ஆணி வெளியே வர வர கட்டையின் உயரத்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள். ஓட்டை பெரிதாகிவிடும். வெளியே வந்த ஆணியை உடனே டப்பாவில் போடுங்கள். தரையில் கிடந்தால் குழந்தையின் காலுக்கு ஆபத்து.

செய்யக்கூடாதவை

ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கக்கூடாது. இரண்டு முகமும் கெட்டியான எஃகு. சில்லுத் தெறித்தால் கண் போகும். ஆணி பிளவில் சிக்கிக்கொண்டது என்று இப்படி அடிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சுத்தியலின் பக்கவாட்டால் அடிக்கக்கூடாது. உளி, கல், கான்கிரீட் ஆகியவற்றுக்கு இந்தச் சுத்தியலை எடுக்கக்கூடாது. ஆணி அடிக்கும்போது கண்ணாடி அணிவது நல்லது. குழந்தைகளைப் பக்கத்தில் நிற்கவிடாதீர்கள்.

தலை ஆடினால் சிலர் சுத்தியலைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். மரம் ஊதி அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். புது ஆப்பு அடிப்பதுதான் வழி. அதைச் செய்யும் வரை அந்தச் சுத்தியலைத் தொடாதீர்கள்.

மழைக்காலத்தில் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தலையைத் துடைத்து வையுங்கள். துரு ஏறாது. அடிக்கும் முகத்தில் மட்டும் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. இருந்தால் ஆணியில் பட்டு வழுக்கும்.

இப்போது...

இப்போது நாங்கள் கல்யாணில் இருக்கிறோம். வளையல்களை மீட்டுவிட்டோம், கொஞ்சம் தாமதமாக. கொத்தனார் சுத்தியலை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சின்னச் சுத்தியல் கதவுக்குப் பின்னால், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. இந்த வீட்டில் அப்பா படத்தை மாட்டியது நான் அல்ல, என் மனைவி. தட்டிப் பார்த்து இடம் குறித்து, ஒன்றரை அங்குல ஆணியை ஒன்பது அடியில் இறக்கினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பூச்சு ஒரு துளி உதிரவில்லை.

போன மாதம் எனக்கு மறுபடி இரவு டியூட்டி. புறப்படும் முன் வழக்கம்போலத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன்.

"அதை நான் நேற்றே அடித்து இறுக்கிவிட்டேன். நீங்கள் வண்டியைப் பிடியுங்கள்" என்றாள்.